மாப்பிள்ளையின் அக்காவைப் பெண் பார்த்த வீடு

லண்டனுக்குப் போன நான் அங்கே ஒரு கிழமை ஜப்பானில் இருந்துவிட்டு வந்தேன். சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

என் தம்பி குகன் எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்தை விட்டு லண்டனுக்குப் போனவன். மோர்டனில் இரண்டு சிநேகிதர்களோடு ஒரு வீட்டில் இருந்தான். ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. நான் பூகோளம் படிப்பிக்கிற ஆசிரியை. சண்டை எங்களைத் துரத்திய பிறகு கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்துகொண்டு படிப்பித்தேன். அப்பா, அம்மா இருவரும் இல்லை. ஆகவே, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் குகன் தொலைபேசி எடுத்து, தன்னோடு வேலை செய்யும் யூகோ என்ற ஜப்பான் பெண்ணைக் கலியாணம் முடிக்க விரும்புவதாகச் சொன்னபோது, தலை சுற்றவேண்டிய முழுப் பொறுப்பும் எனக்கே வந்து சேர்ந்தது.

"நீ போய் ஆளைப் பார். பாத்துப்போட்டு, சரிவராது எண்டு சொல்லிப்போட்டு வா" என்றார் மாமா. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டன் என்றும் சொல்லவில்லை. கம்பளிச் சட்டை ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன்.

மோர்டனில் களைப்பாறி எழும்பியதும் குகன் மெல்லக் கதையைத் தொடங்கினான்.

"அக்கா, பொம்பிளை பாக்க எண்டுதானே வந்தனீங்கள்?"

"ஓம். எப்ப போறம்?"

"அவளை நீங்கள் நாளைக்கே பாக்கலாம். பிரச்சினை என்னெண்டால், அவை உங்களைப் பாக்கவேணுமாம்."

யூகோவின் தகப்பன் ஹயாஷி ஒரு ஜப்பானியக் கப்பல் கம்பனியின் லண்டன் கிளையில் பெரிய வேலையில் இருந்தார். கலியாணக் கதையைக் கேட்டுவிட்டு அவரும் என்னைப் போலவே ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லையாம். மாதக் கணக்காக மௌனம். கடைசியில் தாய்தான் ஒரு வழி சொல்லியிருக்கிறார்: பையனுக்கு அக்காதான் எல்லாம் என்றால், அந்த அக்கா ஒரு கிழமை நம் வீட்டில் வந்து தங்கட்டும்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் போய், நிமிர்ந்து இருந்து, பலகாரம் சாப்பிட்டு, வெளியில் வந்து குறை சொல்வார்கள். மாப்பிள்ளையின் அக்காவை ஒரு கிழமை வீட்டில் வைத்துச் சோதிப்பது நான் கேள்விப்படாத முறை. "ஏலாது" என்று சொல்ல வாயெடுத்தேன். குகனின் முகத்தைப் பார்த்தேன். "சரி, வாறன் எண்டு சொல்லு" என்றேன்.

திங்கட்கிழமை புறப்பட்டேன். அவர்கள் வீடு நகரத்தின் மறுமுனையில், ஃபிஞ்ச்லியில். மோர்டனில் ஏறினால் மாறாமலே போய்விடலாம். குகனுக்கு வேலை. நான் தனியப் போவன் என்று வீரம் பேசினேன். உலகப்படம் படிப்பிக்கிறவளுக்கு ஒரு ரயில் படம் பெரிய காரியமா? பாதை வடக்கே போய் இரண்டாகப் பிரிவதைப் படத்தில் கவனித்திருந்தேன். எந்த ரயில் எந்தக் கிளைக்குப் போகும் என்று அதன் நெற்றியில் எழுதியிருப்பதைத்தான் கவனிக்கவில்லை. கடைசி நிலையத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் நான் பெட்டியை அணைத்தபடி இருந்தேன். குப்பை பொறுக்க வந்த பெண், "இதுக்கு மேல தண்டவாளம் இல்லை, செல்லம்" என்றாள். அது எட்ஜ்வெயர்.

திரும்பி வந்து, கம்டனில் மாறி, ஃபிஞ்ச்லியில் இறங்கியபோது நல்ல மழை. யூகோவின் தாய் நிலைய வாசலில் குடையோடு நின்றார். சொன்ன நேரத்திலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்குவதற்கு முன்னரே இடுப்பு வளையக் குனிந்து, "வழியை நாங்கள் சரியாகச் சொல்லவில்லை. மன்னிக்கவேண்டும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நானும் குனிந்தேன். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். நான் அதற்கும் கீழே போனேன். டிக்கெட் சோதிப்பவர் எங்களைத் தாண்டிப் போக வழியில்லாமல் நின்றார்.

வெளியிலிருந்து பார்க்க அது மற்ற எந்த லண்டன் வீட்டையும் போலச் சிவப்புச் செங்கல் வீடுதான். கதவைத் திறந்ததும் முதல் சந்தோஷம் வந்தது. வாசலில் சப்பாத்துகள் வரிசையாக, நுனி வெளியே பார்த்தபடி. மோர்டனில் குகனின் சிநேகிதர்கள் சப்பாத்தோடு குசினிவரை வருவதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் நான். இங்கே நான் சொல்லாமலே கழற்றினேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

அந்த வெற்றி கொஞ்ச நேரம்தான் நின்றது. கழற்றிய காலுக்கு வீட்டுச் செருப்பு ஒன்று தந்தார். பாய் பதித்த ஒரு அறை இருந்தது. அதற்குள் வீட்டுச் செருப்பும் கூடாது. கக்கூசுக்குள் வேறொரு செருப்பு, அது அந்த அறையை விட்டு வெளியே வரக்கூடாது. இரவுச் சாப்பாட்டுக்கு நான் வந்து இருந்தபோது, யூகோ குனிந்து என் காலைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். ஹயாஷி கூரையைப் பார்த்தார். நானும் என் காலைப் பார்த்தேன். கக்கூஸ் செருப்போடு வந்து சாப்பாட்டு மேசையில் இருந்தேன்.

"கடவுளே" என்று தமிழில் சொல்லிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது எல்லாரும் சோற்றைப் பற்றி மட்டும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை குளியல். லண்டனுக்கு வந்து நான் பட்ட பெரிய துன்பமே குளியல்தான். தொட்டிக்குள் நின்று, கம்பளம் விரித்த தரையில் ஒரு துளி சிந்தாமல் குளிக்கிற வித்தை எனக்கு வரவில்லை. இந்த வீட்டில் கம்பளத்தைக் கிளப்பி எறிந்துவிட்டு, தண்ணீர் ஓடத் தரையில் ஒரு வாய்க்கால் வைத்திருந்தார்கள். வாளி! குந்தியிருக்க ஒரு சின்னப் பலகை! அள்ளி ஊற்ற ஒரு கிண்ணம்! விருந்தாளி என்று என்னைத்தான் முதலில் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றடி போல அள்ளி அள்ளி ஊற்றினேன். பிறகு பார்த்தால் தொட்டி நிறையக் கொதிநீர். அதற்குள்ளும் இறங்கி, எலும்புவரை சூடேற இருந்தேன். எழும்பியபோது, நான் இருந்த தண்ணீரை விட்டுவிட்டுப் போவது மரியாதையில்லை என்று அடைப்பைப் பிடுங்கிவிட்டேன். தொட்டியையும் உரஞ்சிக் கழுவினேன்.

வெளியே வந்தால் மாடிப்படியில் ஹயாஷி தோளில் துவாயோடு நிற்கிறார். உள்ளே போனார். உடனேயே காய்ந்த துவாயோடு வெளியே வந்தார். அந்தத் தண்ணீர் வீட்டார் எல்லாருக்கும் பொதுவானது என்றும், வெளியில் நன்றாகக் கழுவிக்கொண்டு ஒருவர்பின் ஒருவராக அதில் இறங்குவார்கள் என்றும், அன்றைய சுடுநீர் அவ்வளவுதான் என்றும் யூகோ பிறகு மெல்லச் சொன்னாள். மூன்று பேரும் அன்று குளிக்கவில்லை. "தொட்டி இவ்வளவு வெள்ளையாக இருந்ததே இல்லை என்று அப்பா சொன்னார்" என்றாள். அது பாராட்டா, குத்தலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இரண்டு நாளில் இரண்டு பிழை. தம்பியின் வாழ்க்கையை என் காலாலும் கையாலும் கெடுத்துக்கொண்டிருக்கிறேனோ என்று பயம் பிடித்தது. மாமா சொன்ன வேலை நான் ஒன்றும் செய்யாமலே நடந்துவிடும் போலிருந்தது. அப்போதுதான், அது நடக்கக்கூடாது என்று நான் விரும்புவதை நானே கண்டேன்.

புதன்கிழமை குசினிக்குள் போனேன். சோறு வேகும் மின்பானையை அந்த அம்மா எனக்குக் காட்டினார். படுக்கப் போகமுன் அரிசியைக் கழுவிப் போட்டு, எத்தனை மணிக்கு வேண்டும் என்று அமத்திவிட்டால், விடியச் சோறு ஆவி பறக்க நிற்கும். விறகு ஊதி வளர்ந்த நான் அதன் மூடியைத் தொட்டுத் தடவினேன். பிறகு அவர் சூப்புக்காக ஒரு மரப்பெட்டியை எடுத்தார். மேலே சீவுளி வைத்த பெட்டி. கறுத்த மரக்கட்டை போன்ற ஒன்றை அதில் தேய்க்கத் தேய்க்கச் சுருள் சுருளாக விழுந்தது. மணம் வந்து என் மூக்கில் அடித்தது.

"மாசி!" என்று கத்தினேன்.

எங்கள் சம்பலில் போடுகிற அதே மாசிக் கருவாடு. ஓடிப்போய் என் பெட்டியைக் கிளறி, குகனுக்கென்று கொழும்பிலிருந்து கொண்டுவந்ததில் ஒரு துண்டை எடுத்து வந்தேன். அவர் அதை வாங்கி முகர்ந்தார். தன் துண்டோடு தட்டிப் பார்த்தார். இரண்டும் ஒரே சத்தம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் பொத்தாமல் சிரித்தேன். அன்று மத்தியானம் வெங்காயம், தேசிக்காய், காய்ந்த மிளகாயோடு சம்பல் இடித்தேன். அந்த அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் ஓடியது, ஆனாலும் இன்னொரு கரண்டி கேட்டார்.

மாலையில் யூகோ வேலையால் வந்து, என்னோடு கோப்பை கழுவினாள். சின்ன உருவம், ஆனால் நேரே பார்த்துக் கதைக்கிற பெண். "அக்கா" என்று கூப்பிடக் குகன் பழக்கியிருந்தான்.

"அக்கா, அப்பா வேண்டாம் என்று சொன்னாலும் நான் குகனோடு போவேன். ஆனால் அவர் அப்படிச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு என்னோடு கதைக்கமாட்டார். அவரை எனக்குத் தெரியும்."

"அவருக்கு என்ன குறை? எங்கட நிறமோ? சாமியோ?"

"அவர் சொல்லமாட்டார். கேட்கவும் ஏலாது."

'ஏலாது' என்ற சொல்லை மட்டும் தமிழில் சொன்னாள். அந்த இடத்திலேயே நான் அவள் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஜப்பானியரின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு எது என்று தெரிந்துகொண்டேன். தரையோடு பதிந்த ஒரு மேசை. அதன் அடியில் மின்சூடு. மேலே ஒரு பெரிய மெத்தைப் போர்வை. நாலு பக்கமும் நாலு பேர் இருந்து, காலை உள்ளே நீட்டிக்கொள்ள வேண்டியதுதான். லண்டன் குளிர் மேசைக்கு வெளியே நின்றுவிடும். அந்த நாட்டு வெள்ளைக்காரர் இத்தனை நூறு வருஷம் குளிரோடு இருந்தும் இதைக் கண்டுபிடிக்கவில்லையே என்று யோசித்தேன். உள்ளே என் கால் ஹயாஷியின் காலில் முட்டிக்கொண்டே இருந்தது. முட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் தலை குனிந்தோம்.

அந்த மேசையில் இருந்துதான், அவர்கள் கதைக்கிற ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் "நே" என்று ஒன்று வருவதைப் பிடித்தேன். "குளிர், நே." "ருசி, நே." யாழ்ப்பாணத்தில் நாங்கள் "குளிர், என்ன?" "நல்ல ருசி, என்ன?" என்பதுதான் அது. யூகோவைக் கேட்டு ஒரு கடதாசியில் வசனங்களை எழுதிப் பார்த்தேன். நான், லண்டனுக்கு, போகிறேன். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. வினை கடைசியில்தான். ஹயாஷி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடதாசியை இழுத்துப் பார்த்தார். "ஆங்கிலத்துக்கு எனக்குப் பதினைந்து வருடம் போனது" என்றார். அந்தக் கிழமை அவர் என்னிடம் நேரே சொன்ன முதல் வசனம் அது.

வெள்ளிக்கிழமை வந்தது. எனக்கு வெள்ளி என்றால் மரக்கறி, மீன் தொடமாட்டேன். சொல்ல மறந்துவிட்டேன். இரவு மேசையில் சூப் வந்தது. அதில் மாசி இருக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? கையைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா பதறி எழும்பி, எல்லாக் கிண்ணத்தையும் அள்ளிக்கொண்டு குசினிக்குப் போனார். நான் "வேண்டாம், வேண்டாம், சோறும் ஊறுகாயும் போதும்" என்று பின்னால் போனேன். அவர் கேட்கவில்லை. காய்ந்த கடற்பாசியை ஊறவைத்து, புதுச் சாறு இறக்கி, கிழங்கும் கரட்டும் போட்டுக் கொண்டுவந்தார். ஹயாஷியின் முன்னால் மட்டும் பொரித்த மீன் இருந்தது. அவர் அதை மெல்லத் தள்ளி வைத்தார்.

"என் தாய் மாதத்தில் சில நாள் இப்படித்தான் சாப்பிடுவார். கோயில் சாப்பாடு" என்றார்.

அந்த வீட்டு மூலையில் ஒரு சிறிய அலுமாரி உண்டு. அதற்குள் ஒரு புத்தர். அதைக் கண்ட முதல்நாள் என் கால் ஒருமுறை பின்வாங்கியது உண்மை. எங்கள் பக்கத்தில் புத்தர் சிலை பெரும்பாலும் இராணுவச் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இங்கே அவர் ஹயாஷியின் தாய் தகப்பனின் படங்களுக்கு நடுவில், ஒரு சின்னக் கிண்ணம் சோற்றோடு இருந்தார். எந்த நாளும் முதல் கரண்டிச் சோறு அங்கேதான் போனது. நாங்கள் காகத்துக்கு வைக்கிற சோறு நினைவு வந்தது. சனிக்கிழமை காலை அந்த அம்மா மணியைத் தட்டிக் கும்பிட்டபோது நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். யாரும் கேட்கவில்லை. எனக்குச் செய்யத் தோன்றியது, செய்தேன்.

இத்தனையும் நடந்தும் ஹயாஷி கலியாணத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது.

அன்று யூகோ காலையிலேயே மோர்டனுக்குப் போய்விட்டாள். என்னைத் தனியே அனுப்ப அந்த அம்மா சம்மதிக்கவில்லை. எட்ஜ்வெயர் கதை வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். அவருக்குத் தடிமனும் தும்மலும் பிடித்திருந்ததால் ஹயாஷி என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோட்டு, கழுத்துப்பட்டி, தொப்பி.

ரயிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவர் எதிரே இருந்த விளம்பரத்தைப் படித்தார். நானும் அதையே படித்தேன். நகரத்துக்குக் கீழே எங்கேயோ, சுரங்கத்தின் நடுவில் ரயில் நின்றது. விளக்குகள் அணைந்து, மூலையில் ஒன்று மட்டும் மங்கலாக எரிந்தது. லண்டன் சனம் ஒரு மூச்சும் விடவில்லை. யாரோ பத்திரிகையை மடித்த சத்தம் மட்டும் கேட்டது.

ஹயாஷியின் கை என் பெட்டியின் பிடியை இறுக்கியது.

"சிறுவயதில் இருட்டில் இப்படி இருந்திருக்கிறேன்" என்றார். "நிலத்துக்குக் கீழே. மேலே விமானங்கள்."

"நானும்" என்றேன். "போன வருடம்."

அவர் என் பக்கம் திரும்பினார். அந்த மங்கலில் அவர் முகத்தை முதன்முறையாக முழுதாகப் பார்த்தேன். நான் பதுங்குகுழியைப் பற்றிச் சொன்னேன். அதற்குள் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். தங்கள் வீடு எரிந்ததை அவர் சொன்னார். பிறகு, யாரோ கதவைத் திறந்துவிட்டது போல, அவர் பேசத் தொடங்கினார்.

"எனக்கு ஒரே மகள். இரண்டு வருடத்தில் நாங்கள் ஜப்பானுக்குத் திரும்பவேண்டும். எங்களில் பெண் கலியாணம் முடித்தால் பெயரும் மாறி, கணவன் வீட்டுப் பிள்ளை ஆகிவிடுவாள். குகன் நல்லவர். அது எனக்குத் தெரியும். ஆனால் நான் என் மகளை எந்த வீட்டுக்கு அனுப்புகிறேன்? உங்கள் வீடு எங்கே இருக்கிறது? அங்கே யார் இருக்கிறார்கள்? அதைத்தான் ஒரு கிழமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

இவ்வளவுதானா! நிறமும் இல்லை, சாமியும் இல்லை. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் துக்கம்.

"எங்கட வீட்டுக்குக் கூரை இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது" என்றேன். "பூட்டிவிட்டு வந்தோம். அங்கே உங்கள் மகளை நாங்கள் கூப்பிடவே இல்லை. எங்கள் ஊரில் பெண் போறதில்லை. மாப்பிள்ளைதான் வாறவர்."

"எங்கே?"

"பெண் வீட்டுக்கு. எங்கட அப்பா கலியாணம் முடித்த கையோடு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தவர். சாகும்வரை அங்கேதான் இருந்தார். வீடும் அம்மாவுடையது. பெண்ணுக்குத்தான் வீடு."

"அவருக்கு அது குறைவாகத் தெரியவில்லையா?"

"எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். குறைவென்று ஆர் சொல்றது?"

அவர் யோசித்தார். "பிள்ளை பிறந்தால்?"

"முதல் பிள்ளை பெண்ணின் தாய் வீட்டில்தான்."

"எங்களிலும்!" என்று அவர் சத்தமாகச் சொன்னார். "எங்களிலும் அப்படித்தான்! தாய் வீட்டுக்கு வருவாள்!"

எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அந்த ஊரில் ரயிலில் சத்தம் போடுவது கொலைக்கு அடுத்த குற்றம். ஹயாஷி அவளுக்கும் ஒருமுறை குனிந்தார்.

நான் மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன். "நீங்கள் பெண்ணைத் தரவேண்டாம். நான் என் தம்பியைத் தாறன். அவனுக்குப் போறதுக்கு ஒரு வீடு வேணும். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நீங்கள் எங்கே இருந்தாலும், அவன் பெட்டியோடு வருவான்."

குகனைக் கேட்காமல் கொடுத்த வாக்கு. ஆனால் பெரிய அக்காவுக்கு அந்த உரிமை உண்டு என்று அந்த இருட்டில் நான் தீர்மானித்தேன். அவன் நான் வளர்த்த பிள்ளை.

விளக்குகள் வந்தன. ரயில் ஒருமுறை குலுங்கி நகர்ந்தது. மோர்டன்வரை அவர் விளம்பரத்தைப் படிக்கவில்லை, என் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ரயில் பிந்தியதால் குகனும் யூகோவும் டிக்கெட் வாசலுக்கு வெளியே முகம் வெளிறி நின்றார்கள். எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்து என்ன நடந்தது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. குகன் பயத்தில்தான் அதைச் செய்தான் என்று நினைக்கிறேன். மாதக் கணக்காகக் கண்ணாடிக்கு முன் பாடமாக்கி வைத்திருந்த ஒரு ஜப்பானிய வசனத்தை, ஞாயிற்றுக்கிழமைச் சனத்தின் நடுவில், பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் இடித்துக்கொண்டு போக, குனிந்து நின்று படபடவென்று சொன்னான். 'உங்கள் மகளை எனக்குத் தாருங்கள்' என்று அர்த்தமாம்.

யூகோ கண்ணை மூடிக்கொண்டாள். அவன் ஒரு மரியாதைச் சொல்லை விட்டுவிட்டான்.

ஹயாஷி பெட்டியைக் கீழே வைத்தார். விட்ட சொல்லை எடுத்துக்கொடுத்தார். "மறுபடி சொல்லு" என்றார்.

குகன் மறுபடி சொன்னான், ஒவ்வொரு சொல்லாக.

ஹயாஷி தொப்பியைக் கழற்றினார். "ஹாய்" என்றார். ஜப்பானில் அது ஓம்.

யூகோ தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். அவர்கள் வழக்கத்தில் அது இல்லையாம். அவர் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு அவள் முதுகில் வைத்தார். குகன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். வாக்குக் கொடுத்த விஷயத்தைத் தேத்தண்ணியோடு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

ஹயாஷி தொப்பியைப் போட்டுக்கொண்டு என் பக்கம் வந்தார். மகளும் குகனும் என்னைக் கூப்பிடுகிற சொல்லைத்தான் அவர் என் பெயர் என்று நினைத்திருக்கவேண்டும்.

"அக்கா" என்றார், அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்த அந்த மனிதர். "மோர்டனில் நல்ல தேநீர் கிடைக்குமா?"

நான் திருத்தவில்லை. "கிடைக்கும், வாங்கோ" என்று சொல்லி முன்னால் நடந்தேன்.